பிறந்த குழந்தைக்கு ஊசி, மருந்து, சோதனை: எதற்குச் சரி சொல்வது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி இது: "எனக்கு எட்டாம் மாதம், முதல் பிரசவம். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் வைட்டமின் கே ஊசி, கண்ணுக்கு மருந்து, தடுப்பூசி, குதிகாலில் ரத்தம் எடுப்பது, காது சோதனை என்று வரிசையாக இருக்கிறது. 'எதுவும் வேண்டாம், இயற்கையாக விடு' என்று சிலர் சொல்கிறார்கள். 'டாக்டர் சொன்னால் மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போடு' என்கிறார்கள் சிலர். இதில் எது அவசியம், எதை மறுக்கலாம்?"

இரண்டு தரப்பும் ஒரே தப்பைத்தான் செய்கிறது. படிவத்தில் இருப்பதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, மொத்தமாக எடு அல்லது மொத்தமாக விடு என்கிறார்கள். அந்தத் தாளில் இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. சில உயிரைக் காப்பவை. சில, உங்களுடைய கர்ப்பகாலப் பரிசோதனை முடிவைப் பொறுத்தவை. சில வெறும் வார்டு வழக்கம், ஏன் என்று கேட்டால் சரியான பதில் வராது.

பிறந்த குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவள் நான். பெற்றோர் இப்படிக் குழம்பி நிற்கும்போது ஒரு கேள்வியைத்தான் கொடுப்பேன்: இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ஏதாவது அறிகுறி தெரிந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அப்போது நேரம் மிச்சம் இருக்குமா? இருக்கும் என்றால் யோசிக்கலாம், தள்ளிப்போடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அறிகுறி தெரியும்போதே காரியம் கைமீறிப் போயிருக்கும் என்றால், அதை மறுப்பதற்கு மிகப் பலமான காரணம் வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாமே இந்தக் கேள்வியை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்ததுதான்.

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். குழந்தை வெளியே வந்த முதல் ஒரு மணி நேரத்தில் நடப்பதில் பெரும்பகுதிக்கு மருந்தே கிடையாது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதுதான் விஷயம்.

தொப்புள்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லபடியாகப் பிறந்து அழுகிற குழந்தைக்குக் கொடியை உடனே வெட்ட வேண்டியதில்லை. ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் நிமிடத்திலேயே சுமார் 80 மில்லி ரத்தம் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போய்விடும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பங்கு என்று புரியும். அதிலுள்ள இரும்புச்சத்து அடுத்த சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். பதிலுக்கு மஞ்சள் காமாலை கொஞ்சம் கூடுதலாக வரலாம். அதைச் சமாளிக்க வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் அதிகமாகப் பயன்படுகிறது. பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தை, தாய்க்குக் கடும் ரத்தப்போக்கு என்றால் கணக்கு வேறு. அங்கே டாக்டர் எடுக்கும் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் வாங்கிச் சேமித்து வைக்கும் தனியார் வங்கிக்காரர்கள் இந்த இடத்தில்தான் குறுக்கே வருவார்கள். அவர்களுக்குப் பை நிறைய ரத்தம் வேண்டும். நீங்கள் கொடியை விட்டுவைக்கும் ஒவ்வொரு விநாடியும் அவர்கள் பைக்குப் போவது குறையும். 'எதிர்காலத்தில் உதவும் இன்ஷூரன்ஸ்' என்று சொல்லித் தனியார் வங்கியில் சேமிக்கச் சொல்வதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே ஊக்குவிப்பதில்லை. வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு அந்த ரத்தம் தேவைப்படும் நோய் இப்போதே இருக்கிறது என்றால் மட்டும் அது வேறு பேச்சு. என்னைக் கேட்டால், அந்த ரத்தம் குழந்தைக்குள்ளேயே இருக்கட்டும்.

குழந்தையைத் துடைத்து நேராக உங்கள் நெஞ்சின் மேல், தோலோடு தோலாகப் போடச் சொல்லுங்கள். எடை பார்ப்பது, அளவு எடுப்பது, ஊசி எல்லாம் ஒரு மணி நேரம் பொறுக்கும். அப்கார் மதிப்பெண் என்று ஒன்று போடுவார்கள். வர்ஜீனியா அப்கார் என்ற மயக்க மருந்து நிபுணர் 1953ல் வெளியிட்ட முறை அது. ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் குழந்தையின் மூச்சு, நாடித்துடிப்பு, நிறம், தசைப்பிடிப்பு, தூண்டினால் எப்படி அசைகிறது என்று பார்ப்பார்கள். குழந்தை உங்கள் மேல் கிடக்கும்போதே இதைப் போட முடியும். (பத்துக்கு எட்டு என்றதும் முகம் வாடிப்போகும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பரீட்சை மார்க் இல்லை சார் அது. முதல் நிமிடத்தில் கையும் காலும் நீலமாக இருப்பது சகஜம்.) நன்றாக அழுதுகொண்டு பிறக்கும் குழந்தையின் வாயிலும் மூக்கிலும் குழாய் விட்டு உறிஞ்சுவது, இரைப்பையைக் கழுவுவது இரண்டும் தேவையில்லை. வழக்கமாகச் செய்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

குளியலும் அப்படித்தான். குறைந்தது 24 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டினால் போதும். தோலின் மேலிருக்கும் வெள்ளைப் பூச்சு அழுக்கு கிடையாது. தோல் காய்ந்துபோகாமலும் கிருமி அண்டாமலும் பார்த்துக்கொள்வது அதுதான். சீக்கிரம் குளிப்பாட்டிய குழந்தைக்கு உடம்பு சில்லிட்டுப் போகும், சர்க்கரை இறங்கும், பால் குடிக்கச் சோம்பும். தாய்க்கு எச்ஐவி அல்லது ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) இருந்தால் மட்டும் முன்னதாகக் குளிப்பாட்டச் சொல்வது உண்டு.

இனி ஊசிக்கு வருகிறேன். அதிகம் பேர் மறுப்பதும் வைட்டமின் கே ஊசியைத்தான், மறுக்கவே கூடாதது என்று நான் நினைப்பதும் அதைத்தான்.

ரத்தம் உறைவதற்குக் கல்லீரல் சில புரதங்களைச் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். பிறந்த குழந்தையிடம் அது கிட்டத்தட்டக் கையிருப்பே இல்லாமல் இருக்கும். தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கடந்து போவது மிகக் கொஞ்சம். பெரியவர்களின் குடலில் இருக்கும் பாக்டீரியா ஓரளவு செய்து கொடுக்கும், பிறந்த குழந்தையின் குடலில் அவை இன்னும் குடியேறவில்லை. தாய்ப்பாலில் இந்த ஒரு சத்து மட்டும் மிகக் குறைவு. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். தாய்ப்பாலைக் குறைசொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். ஊசியால் அடைபடும் ஓட்டை இது.

இந்தக் குறையால் வரும் ரத்தக் கசிவு மூன்று காலத்தில் வரும். முதல் 24 மணி நேரத்தில் வருவது பெரும்பாலும் தாய் வலிப்பு மருந்து போன்ற சில மாத்திரைகளைச் சாப்பிட்டிருந்தால். முதல் வாரத்தில் வருவது தொப்புள், மூக்கு, மலம் என்று கண்ணுக்குத் தெரியும். தடுப்பு எதுவும் கொடுக்காவிட்டால் ஆயிரத்தில் இரண்டு மூன்று பேர் முதல் நூற்றில் ஒருவருக்கு மேல் வரை இது வரலாம். நாங்கள் பயப்படுவது மூன்றாவதுக்கு: இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வருவது. லட்சத்தில் நான்கிலிருந்து ஏழு குழந்தைக்குத்தான் வரும், ஆனால் வந்தால் அதில் சுமார் பாதிப் பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசியும். அதுவரை குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை போட்டு, சிரித்துக்கொண்டு இருந்திருக்கும். ஒருநாள் வாந்தி எடுக்கும், தூங்கிக்கொண்டே இருக்கும், உச்சிக்குழி புடைக்கும். ஸ்கேன் எடுக்கும்போது பாதிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். முதலில் சொன்ன கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள், பதில் தெளிவாக இருக்கும்.

இது ஏட்டில் மட்டும் உள்ள கதை இல்லை. 2013ல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில் நகரத்தில் சில மாத இடைவெளியில் நான்கு குழந்தைகள் இந்தத் தாமத ரத்தக் கசிவோடு வந்தார்கள். நான்கு பேருக்கும் பிறந்தபோது ஊசி போடவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விசாரித்தபோது பெற்றோர் சொன்ன காரணங்கள் உங்களுக்கும் பழக்கமானவையாக இருக்கும்: ரத்தப் புற்றுநோய் வருமாம், தேவையில்லாததாம், குழந்தை உடம்பில் ரசாயனம் ஏற்ற வேண்டாமாம்.

ரத்தப் புற்றுநோய்ப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. 1992ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு ஊசிக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. பயப்பட வேண்டிய செய்திதான், பலரும் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். வெவ்வேறு நாடுகளில் இன்னும் பெரிய எண்ணிக்கையில் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. பயத்தைக் கிளப்பிய ஆய்வு இன்றுவரை சுற்றுகிறது, பயத்தைப் போக்கிய ஆய்வுகளை யாரும் பகிர்வதில்லை.

'நான் கீரை நிறையச் சாப்பிடுகிறேன்' என்பார்கள். உங்கள் சாப்பாட்டால் குழந்தைக்குப் போய்ச் சேரும் அளவு போதாது. 'சுகப்பிரசவம், ஆயுதம் எதுவும் போடவில்லை, அடி எதுவும் படவில்லை' என்பார்கள். இரண்டு மாதம் கழித்து வரும் ரத்தக் கசிவுக்கும் பிரசவம் எப்படி நடந்தது என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. 'கொடியைத் தாமதமாக வெட்டினோமே' என்பார்கள். அந்த ரத்தத்தில் இரும்பு உண்டு, வைட்டமின் கே போதுமான அளவு கிடையாது.

வாயில் சொட்டாகக் கொடுக்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. சில நாடுகளில் அந்த வழி இருக்கிறது. ஒரே தடவையில் முடியாது. பிறந்தவுடன், பிறகு நாள் கணக்கில், வாரக் கணக்கில் என்று பல தடவை மறக்காமல் கொடுக்க வேண்டும். கக்கிவிட்டால் திரும்பக் கொடுக்க வேண்டும். பித்தக் குழாய் அடைப்பு இருக்கிற குழந்தைக்கு வாய்வழி மருந்து சரியாக உறிஞ்சப்படாது, அடைப்பு இருப்பது அந்த வயதில் யாருக்கும் தெரிந்திருக்காது. தாமத ரத்தக் கசிவு அதிகம் வருவதும் அத்தகைய குழந்தைகளுக்குத்தான். ஊசியே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்களுக்குச் சொட்டு, ஒன்றுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஊசிக்கு ஈடு என்று நான் சொல்ல மாட்டேன்.

அளவு 1 மில்லிகிராம், தொடையில், ஒரே ஒரு முறை. மருந்துக் குப்பியில் இருக்கும் பதப்படுத்தும் ரசாயனம்தான் உறுத்தல் என்றால், அது கலக்காத தயாரிப்பும் உண்டு. இங்கே கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். போடும் விதத்தையும் நீங்கள் தீர்மானிக்கலாம். குழந்தை மார்பில் வாய் வைத்து நாலு இழுப்பு இழுத்து, விழுங்குவது உங்களுக்கே கேட்கும் அளவுக்கு வந்ததும் தலையசையுங்கள். சிஸ்டர் துணியை ஒதுக்கித் தொடையை லேசாகப் பிடித்துக் குத்துவார். குழந்தை வாயை எடுத்து ஒரு சத்தம் போடும், பல குழந்தைகள் உடனே திரும்பப் பால் குடிக்கப் போய்விடும். மேசையில் தனியாகப் படுக்கவைத்துப் போடுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒரு தடவை பார்த்தவர்கள் மாற்றிச் செய்ய மாட்டார்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் கொஞ்சம் நிதானமாகப் பேச இடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குழந்தைக்கும் 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் என்கிறது. காரணம் வயதுதான். பெரியவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றினால் பெரும்பாலோருக்குத் தானாகப் போய்விடும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைக்குக் காலம் முழுக்கத் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, நாற்பது வயதில் கல்லீரல் சுருங்கியோ புற்றுநோயாகவோ வந்து நிற்கும்.

உங்களுக்குக் கிருமி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் பேச்சுக்கே இடமில்லை. தடுப்பூசியும், கூடவே எதிர்ப்புப் புரத ஊசி என்று இன்னொன்றும், 12 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உங்களுக்குப் பரிசோதனையே செய்யவில்லை என்றாலும் தடுப்பூசியைத் தள்ளக் கூடாது. கிருமி இல்லை என்று தெளிவான முடிவு கையில் இருக்கிறது, வீட்டிலும் யாருக்கும் இல்லை என்றால் ஆபத்து குறைவு. பிரிட்டன் போன்ற சில நாடுகளில் அத்தகைய குழந்தைக்கு எட்டாவது வாரத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் பரிசோதனை ஆரம்ப மாதத்தில் எடுத்தது, முடிவைத் தாளில் எழுதும்போது தவறலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வருகிறவர்கள் எல்லாரையும் பரிசோதிக்க முடியாது. அதனால்தான் என் ஓட்டு பிறந்த நாள் டோஸுக்கு. தடுப்பூசியில் உயிருள்ள கிருமி கிடையாது, ஈஸ்ட் செல்களில் செய்த ஒரு புரதம்தான் இருக்கிறது. உங்கள் நாட்டு அட்டவணையில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு இரண்டும் பிறந்தவுடன் இருந்தால், அந்த ஊரில் அந்த நோய்களின் நிலவரத்தை வைத்துப் போட்ட அட்டவணை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கண் மருந்து கதை வேறு. 1880களில் லைப்ஸிக் நகரத்துப் பிரசவ மருத்துவர் கார்ல் க்ரீடே, பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட ஆரம்பித்தார். தாயின் பிறப்புறுப்பிலிருந்து கொனோரியா என்ற பால்வினை நோயின் கிருமி கண்ணில் பட்டுக் குழந்தைகள் பார்வை இழந்துகொண்டிருந்த காலம் அது. நூற்றில் பத்துக் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கண் நோய் அவருடைய ஆஸ்பத்திரியில் ஒன்றுக்கும் கீழே போனது. மகத்தான காரியம். இன்று வெள்ளி நைட்ரேட் போய், எரித்ரோமைசின் அல்லது டெட்ராசைக்ளின் களிம்பு வந்திருக்கிறது. வழக்கம் மட்டும் தொடர்கிறது.

இதில் நிபுணர்களே ஒரே குரலில் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குழந்தைக்கும் போடச் சொல்கிறது. பிரிட்டன் வழக்கமாகப் போடுவதில்லை. கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கம் 2015ல் எல்லாருக்கும் போடுவதை விட்டுவிட்டுக் கர்ப்பிணிகளை ஒழுங்காகப் பரிசோதித்து மருத்துவம் பார்க்கச் சொன்னது. கிளமிடியா என்ற இன்னொரு கிருமிக்கு இந்தக் களிம்பை நம்ப முடியாது என்பதும், கொனோரியாவில் எரித்ரோமைசினுக்கு அடங்காத வகைகள் வந்துவிட்டன என்பதும் அதற்குக் காரணம். ஆகவே உங்கள் முடிவு உங்கள் ஃபைலில் இருக்கிறது. கொனோரியா, கிளமிடியா பரிசோதனை செய்து, இல்லை என்று வந்து, அதற்குப் பிறகு தொற்றுவதற்கு வழி இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பரிசோதனையே நடக்கவில்லை என்றால் போட்டுவிடுங்கள். கொனோரியா கண்ணில் தொற்றினால் கருவிழி ஓரிரு நாளில் ஓட்டையாகிவிடலாம். பார்வை கொஞ்ச நேரம் மங்கும், கண் லேசாகச் சிவக்கும், இதற்கு மேல் களிம்பால் பெரிய தொந்தரவு இல்லை. குழந்தை முதன்முதலாக உங்கள் முகத்தைப் பார்த்து முடிக்கட்டும் என்று ஒரு மணி நேரம் தள்ளிப்போடக் கேட்கலாம். பல இடத்தில் ஒத்துக்கொள்வார்கள்.

குதிகால் ரத்தப் பரிசோதனை, வெளியே தெரியாத பிறவி நோய்களைத் தேடுவது. இதை அநேகமாக யாரும் கொள்கைக்காக மறுப்பதில்லை, பார்க்கச் சகிக்காமல்தான் மறுக்கிறார்கள். எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். குழந்தையின் பாதத்தைக் கதகதப்பான துணியால் சில நிமிடம் சுற்றி வைப்பார்கள், ரத்தம் ஓடி வருவதற்காக. குதிகாலின் நடுவில் குத்த மாட்டார்கள், எலும்பு பக்கத்தில் இருக்கிறது. உள்பக்க ஓரத்திலோ வெளிப்பக்க ஓரத்திலோ ஒரு சின்ன வெட்டு. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்துத் திரண்டு வரும் பெரிய சொட்டை வடிதாள் அட்டையில் அச்சடித்த வட்டத்தில் தொடவைப்பார்கள். சொட்டு தாளின் பின்பக்கம் வரை ஊறி வட்டம் நிறைய வேண்டும். மேலாகத் தீற்றிய அட்டையை லேப் திருப்பி அனுப்பிவிடும், குழந்தைக்கு இன்னொரு குத்து. அதனால் சிஸ்டர் நிதானமாகச் செய்யட்டும், அவசரப்படுத்தாதீர்கள். இதற்கும் பால் குடித்துக்கொண்டிருக்கும் நேரம்தான் சிறந்த நேரம்.

ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க மருத்துவர் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. பினைல்கீட்டோனூரியா (சாப்பாட்டுப் புரதத்தின் ஒரு பகுதியை உடம்பால் கையாள முடியாத பிறவி நோய்) என்ற ஒரே நோயைத் தேடத்தான் தொடங்கியது. இப்போது ஒரே அட்டையில் சில நாடுகள் பத்துக்குள், சில நாடுகள் ஐம்பதுக்கு மேல் பார்க்கின்றன. எனக்கு இதில் முக்கியமானது பிறவித் தைராய்டு குறை. இரண்டாயிரம் முதல் நாலாயிரம் குழந்தைக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். பிறந்தபோது குழந்தை பார்க்க அழகாக இருக்கும், கொஞ்சம் அதிகமாகத் தூங்கும், 'தொந்தரவே பண்ணாத நல்ல பிள்ளை' என்று பெயர் எடுக்கும். மாதங்கள் கழித்து அறிகுறி தெரியும்போது மூளை வளர்ச்சி பின்தங்கியிருக்கும், இழந்ததை மீட்க முடியாது. முதல் இரண்டு வாரத்தில் கண்டுபிடித்தால் தினம் ஒரு சின்ன மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் போதும், மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். இவ்வளவு சின்ன வலிக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைக்கும் பரிசோதனை மருத்துவத்திலேயே அதிகம் இல்லை.

நேரம்தான் இதில் சிக்கல். 24 மணி நேரம் ஆன பிறகு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. அதற்கு முன் எடுத்தால் குழந்தை போதுமான பால் குடித்திருக்காது, ஹார்மோனும் பிறந்த அதிர்ச்சியில் ஏறியிருக்கும், முடிவு தப்பாக வரும். சீக்கிரம் வீட்டுக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். 'மறுபடி ரத்தம் வேண்டும்' என்று போன் வந்தால் உடனே இடிந்து போகாதீர்கள். இது சல்லடை போடும் சோதனை, நோயை உறுதிசெய்யும் சோதனை கிடையாது. திரும்ப அழைக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் அன்றைக்கே போங்கள். மீதமாகும் ரத்த அட்டையை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பல இடங்களில் பரிசோதனைக்குச் சம்மதித்து, சேமிப்புக்கு மறுக்க முடியும்.

வலியே இல்லாத இரண்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆக்ஸிஜன் அளவு பார்ப்பது: 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் சிவப்பு விளக்கு எரியும் பட்டையைச் சுற்றுவார்கள். 95 சதவீதத்துக்கு மேல் இருந்து, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் சரி. ஸ்டெதஸ்கோப் வைத்தாலும் சத்தம் கேட்காத சில இதயக் கோளாறுகளை, குழந்தை நீலம் பாய்வதற்கு முன் இது காட்டிக்கொடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. காது சோதனை: தூங்கும்போது செய்வார்கள். முதல் தடவை தேறாவிட்டால் பெரும்பாலும் காதுக்குள் பனிக்குட நீர் மிச்சம் இருப்பதுதான் காரணம். ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று குழந்தைக்கு நிரந்தரக் குறை இருக்கும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ என்பது கணக்கு. இதில் எதையும் மறுக்க ஒரு காரணம்கூட எனக்குத் தோன்றவில்லை.

மஞ்சள் காமாலையை எல்லாக் குழந்தைக்கும் கவனிக்க வேண்டும். தோலின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் முறை இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள், ரத்தம் எடுப்பது பிறகு. முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது ஒருபோதும் சாதாரணம் கிடையாது. வெயிலில் காட்டுவது நீல விளக்குச் சிகிச்சைக்கு மாற்றாகாது. சர்க்கரை அளவுக்கு அடிக்கடி குத்துவது மட்டும் எல்லாருக்கும் வேண்டியதில்லை. தாய்க்குச் சர்க்கரை நோய், குறைமாதம், எடை மிகக் குறைவு அல்லது மிக அதிகம் என்றால் பார்க்க வேண்டும். நல்ல எடையில், நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்குக் கேட்டால், ஏன் என்று விசாரியுங்கள். குறைந்திருந்தால் உடனே பவுடர் பால் என்று போகாமல், கன்னத்தின் உள்பக்கம் தடவும் சர்க்கரை ஜெல்லும் தாய்ப்பாலும் போதுமா என்று கேட்கலாம்.

படிவத்தில் முன்தோல் நீக்கமும் இருந்தால், அதை மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அமெரிக்க அகாடமி 2012ல் நன்மை தீமையைவிடக் கூடுதல் என்றது, ஆனாலும் எல்லாருக்கும் செய்யச் சொல்லவில்லை. மருத்துவ அவசரம் எதுவும் இல்லாததால் ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு நாளுக்குள் முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. செய்வது என்றால் வைட்டமின் கே ஊசி போட்டிருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: 36வது வாரத்துக்குள் பிரசவம் பார்க்கும் டாக்டரிடமோ குழந்தை டாக்டரிடமோ இதற்கென்றே ஒரு நேரம் வாங்கி உட்காருங்கள். வலி எடுத்த பிறகு படிவத்தை வாசிக்க யாராலும் முடியாது. 'வேண்டாம்' என்று ஆரம்பிக்காதீர்கள், 'இதை எப்போது, எப்படிச் செய்வீர்கள், ஒரு மணி நேரம் பொறுக்குமா?' என்று ஆரம்பியுங்கள். வார்டில் பாதிக்குப் பாதி சண்டை நேரத்தைப் பற்றியதுதான், மருந்தைப் பற்றியது இல்லை. சில நாடுகளில், சில மாநிலங்களில் ஊசிக்கும் களிம்புக்கும் குதிகால் சோதனைக்கும் சட்டமே இருக்கிறது, மறுக்க வேண்டுமானால் என்ன நடைமுறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு செய்ததை அரைப்பக்கத்தில் எழுதி, கூட வருகிறவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். சிசேரியன் ஆகி நீங்கள் மயக்கத்தில் இருந்தால் பேச வேண்டியவர் அவர்தான். குழந்தை குறைமாதத்தில் பிறந்தாலோ தீவிர சிகிச்சைக்குப் போனாலோ நான் மேலே எழுதிய 'பொறுக்கலாம்' பலவும் செல்லாது.

கடைசியாக, இவ்வளவுக்குப் பிறகும் வைட்டமின் கே வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதை மறைக்காதீர்கள். ஆறு மாதம் வரை குழந்தையைப் பார்க்கும் ஒவ்வொரு டாக்டரிடமும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போன தடம், மூக்கிலோ தொப்புளிலோ துளி ரத்தம், கறுத்த மலம், இரண்டு வாரம் தாண்டியும் போகாத மஞ்சள், சுண்ணாம்பு போல வெளிறிய மலம், எழுப்பினாலும் எழாத தூக்கம், விடாத வாந்தி, இதில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மனம் மாறினால், பிறந்து சில வாரம் ஆகியிருந்தாலும் டாக்டரிடம் கேட்டு ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.